இருமும் ஆடு, ஒழுகும் மூக்கு: கால்நடை மருத்துவர் பதில்கள்

மாதவரம் வாசகர்: 3 வயது மெட்ராஸ் சிவப்பு இனச் செம்மறிப் பெட்டை. நன்றாகத்தான் மேய்கிறது, ஆனாலும் இளைக்கிறது. ஓட்டினால் மூச்சு வாங்குகிறது. ஆட்டுக்குப் புற்றுநோய் வருமா?

வரும். செம்மறியின் நுரையீரலில் ஒரு வைரஸால் வருகிற புற்று அது. பெயர் ஜாக்சீக்தே. ஆப்பிரிகான்ஸ் மொழியில் ‘துரத்தல் நோய்’. யாரோ விரட்டிவந்த மாதிரி இரைப்பதால் அப்படி. குளோனிங் செம்மறி டாலியை 2003இல் கருணைக்கொலை செய்ததும் இதனால்தான். ஆனால் உடனே அந்த முடிவுக்குப் போகாதீர்கள். நுரையீரல் புழு, நிமோனியா இரண்டிலும் இருமலும் இளைப்பும் உண்டு. புற்றுக்கே உரிய அடையாளம் ஒன்று இருக்கிறது: ஆடு தலையைத் தாழ்த்தும்போது மூக்கிலிருந்து நுரைத்த நீர் சளசளவென்று கொட்டும். எல்லா ஆட்டிலும் அது வராது. பின்னங்காலைத் தூக்கி, நீர் கொட்டுகிறதா என்று பார்க்கலாமா என்று கேட்பீர்கள். வேண்டாம், மூச்சுத் திணறும் ஆட்டுக்கு அது வதை.

அதே வாசகர்: ரத்தம் எடுத்துப் பார்த்தால் தெரியுமா? மற்ற ஆடுகளுக்கு ஒட்டுமா?

ஒட்டும். மூக்கு நீர், மூச்சு, தாய்ப்பால் எல்லாம் வழிதான். ரத்தத்தில் தெரியாது. நோயை எதிர்க்க உடல் உண்டாக்கும் எதிர்ப்பொருளைத்தான் அங்கே தேடுவோம், இதில் அது உருவாவதில்லை. அந்த வைரஸை ஆட்டின் உடல் அந்நியமாகவே பார்ப்பதில்லை. ஸ்கேனில் ஓரளவு வளர்ந்த கட்டிதான் தெரியும். மருந்தும் இல்லை, தடுப்பூசியும் இல்லை. சந்தேகம் உறுதியானால் அந்த ஆட்டை மந்தையிலிருந்து கழித்துவிடுங்கள். அதன் குட்டியை இனவிருத்திக்கு வைக்க வேண்டாம்.

செங்குன்றம் வாசகர்: குட்டிகளுக்குக் காய்ச்சல், வாய்ப்புண், கழிச்சல், இருமல்.

இது ஆட்டுக்கொல்லி என்ற வைரஸ் நோயாக இருக்கலாம். இந்தியாவில் முதலில் கண்டதே நம் விழுப்புரம் பக்கம் அரசூரில், 1987இல். மருத்துவரை இன்றே கூப்பிடுங்கள். இதற்குத் தடுப்பூசி இருக்கிறது. போடாமல் விடுவதுதான் எனக்கு எரிச்சல்.

புளியந்தோப்பு இறைச்சிக் கடைக்காரர்: நுரையீரலில் தண்ணீர்க் கட்டி. விற்கலாமா?

விற்காதீர்கள். ஆனால் ஆபத்து அங்கில்லை. அந்த நுரையீரலை அறுத்து வாசலில் நிற்கும் நாய்க்கு வீசுவீர்கள் பாருங்கள், அதில்தான். கட்டிக்குள் இருப்பது நாடாப்புழுவின் இளம்பருவம். நாய் வயிற்றில் வளர்ந்து, அதன் கழிவில் முட்டையாக வந்து, பிள்ளைகள் கைக்கும் வாய்க்கும் போகும். எரித்துவிடுங்கள், இல்லையென்றால் நாய் தோண்டாத ஆழத்தில் புதையுங்கள்.