குப்பத்து வீட்டை இடித்து விருந்தினர் அறை கட்டலாமா?

கேள்வி: கோவளத்துக்கும் மாமல்லபுரத்துக்கும் நடுவில் கடலோரக் குப்பம் எங்களுடையது. அப்பாவுக்கு மீன்பிடித் தொழில். சனி, ஞாயிறு ஆனால் சென்னையிலிருந்து நிறையப் பேர் வருகிறார்கள். வீட்டை இடித்து, 20 லட்சம் கடனில் நான்கு அறை கட்டி வாடகைக்கு விடலாமா?

பதில்: இடிக்க வேண்டாம். இருக்கிற வீட்டிலேயே இரண்டு அறையை ஒதுக்கித் தொடங்குங்கள்.

கணக்கைப் பாருங்கள். உங்கள் பக்கம் ஆள் தங்குவது பெரும்பாலும் வெள்ளி, சனி இரவுகளில். ஐப்பசி, கார்த்திகை மழையையும் புயலையும் கழித்தால் சுமார் 40 வாரம், அதாவது 80 இரவு. அறைக்கு 1,500 ரூபாய் வைத்து, நான்கும் பாதி நாள் நிரம்பினால் 2.4 லட்சம் வரும். 11 சதவீத வட்டி என்றால் முதல் ஆண்டில் வட்டிக்கே 2.2 லட்சம் போய்விடும். கரண்ட் பில், சலவை, முன்பதிவுச் செயலியின் கமிஷன் போக, கைக்காசைப் போட வேண்டிவரும். அசல் அப்படியே நிற்கும். இரண்டு அறையில் 1.2 லட்சம்தான், ஆனால் அதை எந்த வங்கிக்கும் கொடுக்க வேண்டியதில்லை. சாப்பாட்டையும் சேருங்கள். உங்கள் கரையில் ஏலம் எடுத்த மீன், பக்கத்து வீட்டு அக்காவின் சமையல் என்று வைத்தால் விருந்தினர் தரும் பணம் ஊருக்குள்ளேயே தங்கும். கடற்கரைச் சுற்றுலாவில் மீனவக் குடும்பங்களுக்கு உண்மையான ஆதாயம் இதில்தான் என்பது என் எண்ணம்.

அடுத்தது சட்டம். கடலோர ஒழுங்குமுறை மண்டலத்துக்கான 2019 அறிவிக்கைப்படி, ஊரகக் கரையில் உயர் அலைக் கோட்டிலிருந்து (கடல் ஏறும்போது தண்ணீர் எட்டும் எல்லை) 200 மீட்டர் வரை வளர்ச்சித் தடைப் பகுதி, அதாவது புதுக் கட்டடத்துக்குப் பொதுவாகத் தடை. 2011 கணக்கெடுப்பில் சதுர கிலோமீட்டருக்கு 2,161 பேருக்கு மேல் வசிக்கும் இடங்களில் அது 50 மீட்டர். அந்த எல்லைக்கு வெளியே, வீட்டின் அடித்தளப் பரப்பையோ வடிவத்தையோ முகப்பையோ மாற்றாமல் உள்ளூர் மக்கள் விருந்தினரைத் தங்கவைக்க அறிவிக்கை இடம் தருகிறது. இடித்துக் கட்டினால் இந்தச் சலுகை உங்களுக்கு இல்லை. உங்கள் சர்வே எண் எந்தப் பகுதியில் விழுகிறது என்று ஆட்சியர் அலுவலகத்தில் கடலோர வரைபடத்தைப் பார்த்து, பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

எனக்கு அதிகக் கவலை மணலைப் பற்றித்தான். நம் கிழக்குக் கரையில் ஆண்டின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. குறுக்கே கடலுக்குள் கல்தடுப்பு போட்டால் மணல் அதற்குத் தெற்கே சேரும், வடக்கே கரை அரிக்கும். சென்னைத் துறைமுகத்துக்குத் தெற்கே மெரினா அகன்றதற்கும், வடக்கே ராயபுரம் பக்கம் கரை போனதற்கும் காரணம் ஒன்றே. புதுச்சேரியில் 1980களில் துறைமுகக் கல்தடுப்பு வந்தபின் நகரக் கடற்கரை மணலை இழந்து, பல ஆண்டுகள் வெறும் கருங்கல்லாகக் கிடந்தது; கடலுக்கடியில் செயற்கைத் திட்டு அமைத்த பிறகே ஒரு பகுதி திரும்பியது. உங்கள் ஊருக்குத் தெற்கே தூண்டில் வளைவு (கரையிலிருந்து கடலுக்குள் நீளும் கல்தடுப்பு) ஏதும் வருகிறதா என்று விசாரியுங்கள். கடன் 15 ஆண்டு ஓடும்; அதுவரை கரை இதே இடத்தில் இருக்குமா என்று அப்பாவைக் கேளுங்கள். அவருக்குத்தான் தெரியும்.

தண்ணீரிலும் கவனம் வேண்டும். கடலோர மணலில் நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீரின் மேல் மிதக்கிறது. மேல்மட்டம் நிரந்தரமாக ஓரடி இறங்கினால், அடியில் உப்பு சுமார் 40 அடி ஏறக்கூடும். நான்கு குளியலறைக்கு மோட்டார் போட்டால் தெருவின் கிணறுகளெல்லாம் கரிக்கத் தொடங்கலாம். கழிவுநீர்த் தொட்டி கசியாமல் இருக்கட்டும். சுத்தமான கடற்கரைக்கான சர்வதேச அங்கீகாரமாகக் கோவளத்துக்கு 2021-இல் கிடைத்த நீலக்கொடிச் சான்று ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டியது, கடல்நீர்த் தரமும் அதில் பார்க்கப்படும்.

தொடங்குமுன் ஊர்க்கூட்டத்தில் சொல்லிவிடுங்கள். வலை காயும் இடம், கருவாடு போடும் இடம், படகு ஏற்றும் இடம் எதிலும் விருந்தினர் வண்டி நிற்கக் கூடாது. வெளிநாட்டவர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் அவர் விவரத்தை ஆன்லைனில் பதிய வேண்டும். தை பிறந்ததும் தொடங்கி, ஓராண்டு வரவு செலவை நோட்டில் எழுதுங்கள். மூன்றாவது அறை வேண்டுமா என்பதை அந்த நோட்டைப் பார்த்து முடிவு செய்யலாம்.