டிரைவர் அண்ணன் ஏன் எல்லாவற்றையும் அணைத்துவிடுகிறார்?

கேள்வி: உச்சிப்புளியில் டூரிஸ்ட் கார் வைத்திருக்கிறோம். புது வண்டி தானே பிரேக் பிடிக்கிறது, கோட்டைத் தாண்டினால் ஸ்டியரிங்கைத் திருப்புகிறது. எங்கள் டிரைவர் அண்ணன் ஏறியதுமே எல்லாவற்றையும் அணைத்துவிடுகிறார். எப்படிப் பழக்குவது?

பதில்: வயசானவர், புதுசு பிடிக்காது என்று முடிவு கட்டிவிடாதீர்கள். ஒரு தொழில்நுட்பத்தை மனிதர்கள் ஏன் ஏற்கிறார்கள் என்று 1989-இல் ஆராய்ந்த ஃப்ரெட் டேவிஸ், பயன்படுத்த எளிதா என்பதைவிட ‘எனக்கு உபயோகமா’ என்பதே அதிகம் தீர்மானிக்கிறது என்று கண்டார். சும்மா சும்மா கத்தும் கருவியால் அண்ணனுக்கு என்ன உபயோகம்?

அது ஏன் கத்துகிறது என்று பாருங்கள். கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் கேமரா சாலைக் கோட்டைத் தேடுகிறது. தனுஷ்கோடி ரோட்டில் மணல் ஏறிக் கோடு மறைந்துவிட்டால் அது தடுமாறும். கோடு தெரிகிற இடத்திலும் சிக்கல்தான். கருவேலங்காட்டிலிருந்து ஆடு இறங்கினால் அண்ணன் சட்டென்று வலப்பக்கம் ஒடிப்பார். இண்டிகேட்டர் போட நேரம் ஏது? கோட்டை விட்டு விலகுகிறான் என்று நினைத்து வண்டி ஸ்டியரிங்கை எதிர்ப்பக்கம் இழுக்கும். முப்பது வருஷம் ஓட்டிய கைக்கு அது எரிச்சலாகத்தான் இருக்கும். எனக்கும் இருக்கும்.

அதனால் எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகத் திணிக்காதீர்கள். ஸ்டியரிங் உதவி ஊர் ரோட்டில் அணைந்தே இருக்கட்டும். மதுரை நெடுஞ்சாலையில் போட்டுப் பார்க்கட்டும். மோதல் எச்சரிக்கையை, உங்கள் வண்டியில் வசதி இருந்தால், ‘தாமதம்’ என்ற அளவில் வையுங்கள். வெற்றுச் சத்தம் குறையும். தானியங்கி பிரேக்கை மட்டும் அணைக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளுங்கள். பாம்பன் பாலத்தில் கடலைப் பார்க்க முன்வண்டி திடீரென நிற்பது அவருக்குத் தெரியாததா? அந்த இடத்தைச் சொல்லியே பேசுங்கள், புரியும்.

அப்புறம், இன்னொன்றை நேராகக் கேட்கிறேன். அவர் ஓட்டுவதைப் பற்றி வண்டி சேமித்து வைக்கும் விவரங்களை வைத்து அவரைக் கண்காணிக்கிறீர்களா? அந்தச் சந்தேகம் வந்துவிட்டால் எந்தச் சலுகை கொடுத்தாலும் அவர் சுவிட்சைத் தொடத்தான் செய்வார்.

கடலோர உப்புப்படலம் கேமரா முன்னால் படியும். தினமும் காலையில் அந்த இடத்தை ஈரத்துணியால் துடையுங்கள். முன்கண்ணாடி மாற்றினால் கேமராவை மறுபடி அளவு சரிசெய்யாமல் வண்டியை எடுக்காதீர்கள்.