அலைஸ்டர் கிரௌலி சொன்ன ‘உன் சித்தப்படி செய்’ என்பதற்கு என்ன பொருள்? அவர் உண்மையிலேயே அவ்வளவு கெட்டவரா?

இரண்டு கேள்விக்கும் சேர்த்தே பதில் சொல்கிறேன். கிரௌலியின் வாசகங்களை அவர் வாழ்க்கையிலிருந்து பிரித்துப் படித்தால் ஏமாந்துதான் போவோம்.

கிரௌலி ஆங்கிலேய எழுத்தாளர், மாந்திரீகச் சாதகர். 1875இல் இங்கிலாந்தின் லெமிங்டன் ஸ்பாவில் பிறந்தவர். பீர் ஆலையில் சம்பாதித்த குடும்பம். ஆனால் பிளிமத் பிரதரன் என்ற மிகக் கண்டிப்பான கிறிஸ்தவ சபையைச் சேர்ந்தது. பிரசங்கியாக இருந்த அப்பா, மகனுக்கு 11 வயதில் இறந்தார். அடங்காத பிள்ளையை அம்மா ‘மிருகம்’ என்று திட்டினார். பைபிளின் கடைசி நூலான வெளிப்படுத்தின விசேஷத்தில் வருகிற அந்த மிருகத்தின் பெயரையும் 666 என்ற எண்ணையும் பிள்ளை ஆயுசுக்கும் தன் அடையாளமாக்கிக்கொண்டார்.

எனக்கு அவர்மேல் ஆர்வம் வந்தது இலங்கை வழியாக. அவருடைய குரு போன்ற நண்பர் ஆலன் பென்னட், கொழும்பில் பொன்னம்பலம் இராமநாதனின் பிள்ளைகளுக்கு ஆசிரியராக இருந்தார். ஆம், பின்னாளில் சுன்னாகத்தில் பெண்களுக்குக் கல்லூரி கண்ட அதே சேர் இராமநாதன்தான். பென்னட் அவரிடம் யோகம் கற்றார். 1901இல் கிரௌலி அங்கே போய்ச் சேர, இருவரும் கண்டியில் ஒரு பங்களா எடுத்து ஆசனம், பிராணாயாமம், தியானம் என்று மூழ்கினார்கள். பிற்பாடு கிரௌலி தன் மாணவர்களுக்கு எழுதிய விதி ஒன்று: தலையில் விளிம்புவரை தண்ணீர் நிரம்பிய தட்டை வைத்தாலும் ஒரு சொட்டுகூடச் சிந்தக் கூடாது, அப்போதுதான் ஆசனம் கைகூடியதாகக் கணக்கு. மேடை மந்திரவாதி எழுதுகிற விதி இல்லை இது. உட்கார்ந்து கால் மரத்துப்போனவர் எழுதியது.

சரி, அந்த வாசகம். 1904 ஏப்ரலில் கெய்ரோவில், மூன்று நாள், நண்பகலில் ஒரு மணி நேரம் ஐவாஸ் என்ற குரல் சொல்லச் சொல்லத் தான் எழுதியதாகக் கிரௌலி சொன்ன நூலில் இது வருகிறது: ‘உன் சித்தப்படி செய் என்பதே முழுச் சட்டம்.’ மனம்போன போக்கில் ஆடு என்று பலர் இதைப் புரிந்துகொள்கிறார்கள். அவர் விளக்கம் நேர் எதிர். ஒவ்வொருவருக்கும் ஒரே ஒரு உண்மையான சித்தம் உண்டு. அதைக் கண்டுபிடித்து, மற்ற எல்லா ஆசைகளையும் அதற்கு அடக்க வேண்டும். ‘அன்பே சட்டம், சித்தத்துக்கு உட்பட்ட அன்பு’ என்று அதே நூல் சொல்கிறது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது.

அடுத்த வருடமே காஞ்சன்ஜங்கா. மலையேற்றக் குழுவுக்குத் தலைவர் கிரௌலி. சண்டை முற்றி, செப்டம்பர் 1 மாலை ஒரு கூட்டம் கீழே இறங்கியது. இந்த நேரத்தில் இறங்காதீர்கள் என்று அவர் எச்சரித்தது உண்மை. பனிச்சரிவில் அலெக்சி பாஷ் என்ற சுவிஸ்காரரும் மூன்று சுமைகூலிகளும் புதைந்தார்கள். மேலே கூடாரத்தில் அலறல் கேட்டது. கிரௌலி இறங்கவில்லை. இப்படிப்பட்ட விபத்துகளில் தனக்கு அனுதாபமே கிடையாது என்று பத்திரிகைக்கு எழுதினார். என்னால் இந்த இடத்தைத் தாண்டி அவரை மன்னிக்க முடியவில்லை. அந்த மூன்று கூலிகளின் சித்தம் என்னவாக இருந்தது என்று அவர் யோசித்ததாகவே தெரியவில்லை.

மற்றதெல்லாம் பத்திரிகைகளுக்குத் தீனி. 1920இல் இத்தாலியின் சிசிலித் தீவில், செஃபாலு என்ற ஊரில் தன் சீடர்களோடு ஒரு மடம் தொடங்கினார். 1923இல் அங்கே ரவுல் லவ்டே என்ற இளைஞர் நோயில் இறந்தார். முசோலினி அரசு கிரௌலியை வெளியேற்றியது. ‘உலகிலேயே மிகக் கொடியவன்’ என்று லண்டன் இதழ் எழுதியதும் அப்போதுதான். சாத்தானை வழிபட்டார் என்பது மிகை. கூட இருந்தவர்களைப் பயன்படுத்திக்கொண்டு கைவிட்டார் என்பது மிகையில்லை. ஆஸ்துமாவுக்காக டாக்டர் எழுதிக்கொடுத்த ஹெராயினுக்கு அடிமையாகி, திவாலாகி, 1947 டிசம்பர் 1 அன்று ஹேஸ்டிங்ஸில் ஒரு விடுதியில் 72 வயதில் இறந்தார்.

படித்துப் பார்க்க விரும்பினால் கெய்ரோ நூலில் தொடங்காதீர்கள். யோகத்தைப் பற்றி அவர் ஆற்றிய எட்டு உரைகள் 1939இல் புத்தகமாக வந்தன. பதஞ்சலியைக் கொஞ்சம் தெரிந்தவர்களுக்கு அது சுலபமாகப் பிடிபடும். எங்கே சரியாகச் சொல்கிறார், எங்கே அளக்கிறார் என்று நீங்களே கண்டுகொள்ளலாம்.