வங்கி மாறியது, கட்டணம் நின்றது: வாசகர் கேள்வி பதில்

இம்மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே விடயத்தைப் பற்றியவை. ஐக்கிய இராச்சியத்தில் தமது நடைமுறைக் கணக்கை ஒரு வங்கியிலிருந்து இன்னொரு வங்கிக்கு மாற்றியவர்களும், மாற்றத் தொடங்கி நடுவழியில் நிற்பவர்களும் எழுதியிருக்கிறார்கள். ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருப்பதால், ஒவ்வொன்றிலும் ஒரு கடிதத்தை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

கேள்வி: நான் புதிய வங்கிக்கு மாறி இரண்டு மாதங்களாகின்றன. மின்சாரம், தண்ணீர், கவுன்சில் வரி ஆகியவற்றுக்கான கட்டணங்கள் எந்தத் தடங்கலுமின்றிப் புதிய கணக்கிலிருந்து போகின்றன. ஆனால் கார் வழியில் பழுதாகி நின்றால் உதவிக்கு வரும் நிறுவனத்தின் ஆண்டுச் சந்தா மட்டும் புதுப்பிக்கப்படவில்லை. நெடுஞ்சாலையில் கார் நின்று, அவர்களை அழைத்தபோதுதான் அது எனக்குத் தெரியவந்தது. எல்லாவற்றையும் தாமே மாற்றித் தருவதாக உத்தரவாதம் தந்த வங்கி, இப்போது இது தனது பொறுப்பில்லை என்கிறது. இது சரியா? (வாசகி, ஹாரோ)

பதில்: உங்கள் கோபம் புரிகிறது. ஆனாலும் விதிப்படி வங்கி சொல்வது சரி. எங்கே கோடு போடப்பட்டிருக்கிறது என்பதை வங்கிகள் விளம்பரத்தில் போதிய அளவு சொல்வதில்லை என்பதே இதில் உள்ள உண்மையான குறை.

வங்கித்துறையை ஆராய்ந்த சேர் ஜோன் விக்கர்ஸ் தலைமையிலான ஆணைக்குழு, மக்கள் வங்கி மாறுவதை இலகுவாக்க வேண்டும் என்று 2011இல் பரிந்துரைத்ததன் பேரில், 2013 செப்டம்பரில் கரண்ட் அக்கவுண்ட் சுவிட்ச் சேர்விஸ் என்னும் கணக்கு மாற்றுச் சேவை தொடங்கப்பட்டது. ஏறத்தாழ எல்லா வங்கிகளும் வீடமைப்புச் சங்கங்களும் (பில்டிங் சொசைட்டிகள்) இதில் பங்கெடுக்கின்றன. நீங்கள் புதிய வங்கியிடம் மட்டும் விண்ணப்பித்தால் போதும்; பழைய வங்கியோடு பேச வேண்டியதில்லை. 7 வேலை நாட்களில் உங்கள் டைரக்ட் டெபிட்டுகளும் (கணக்கிலிருந்து பணம் எடுக்க நிறுவனங்களுக்கு நீங்கள் கொடுத்த அனுமதிகள்) ஸ்டாண்டிங் ஓர்டர்களும் (குறித்த நாளில் குறித்த தொகையை அனுப்ப நீங்கள் வங்கிக்கு இட்ட கட்டளைகள்) மீதிப் பணமும் புதிய கணக்குக்கு வந்து, பழைய கணக்கு மூடப்படும். அதன் பின்னரும் யாராவது பழைய கணக்குக்குப் பணம் அனுப்பினால், அது குறைந்தது 3 ஆண்டுகளுக்குத் தானாகவே புதிய கணக்குக்குத் திருப்பிவிடப்படும். இந்த நடைமுறையில் பிழை நேர்ந்து உங்களுக்கு வட்டியோ கட்டணமோ விழுந்தால், நீங்கள் அதைச் சுட்டிக்காட்டியதும் புதிய வங்கி அதைத் திருப்பித் தர வேண்டும். உத்தரவாதம் என்பது இவ்வளவுதான்.

இந்தச் சேவைக்குக் கண்ணில் படுவது வங்கிக் கிளையைக் குறிக்கும் 6 இலக்க சோர்ட் கோடும் 8 இலக்கக் கணக்கு எண்ணும் மட்டுமே. அந்த இரண்டு எண்களைக் கொடுத்து நீங்கள் ஏற்படுத்திய கொடுப்பனவு எதுவோ அது நகரும். உங்கள் டெபிட் அட்டையில் உள்ள நீண்ட எண்ணையும் காலாவதித் திகதியையும் கொடுத்து ஏற்படுத்தியது நகராது, ஏனெனில் பழைய அட்டை கணக்கோடு சேர்ந்தே செத்துவிடுகிறது. இவ்வாறு அட்டையிலிருந்து திரும்பத் திரும்பப் பணம் எடுத்துக்கொள்ள ஒரு நிறுவனத்துக்கு நாம் கொடுக்கும் அனுமதியைத் தொடர் கொடுப்பனவு அனுமதி என்பார்கள். படம் பார்க்கும் இணையச் சேவைகள், உடற்பயிற்சி நிலையங்கள் சில, தொலைபேசிச் செயலிகளின் சந்தாக்கள், லண்டன் பயண அட்டையான ஒயிஸ்டரைத் தானாக நிரப்பும் ஏற்பாடு போன்றவை பெரும்பாலும் இந்த வகையைச் சேர்ந்தவை. உங்கள் கார் உதவிச் சந்தாவும் இதுவாகத்தான் இருந்திருக்க வேண்டும். கணக்கிலிருந்து மாதாமாதம் பணம் போகிறது என்பதை வைத்து மட்டும் அதை டைரக்ட் டெபிட் என்று முடிவுகட்டிவிடக் கூடாது.

மாற முடிவெடுத்தவர்கள் முதலில் செய்ய வேண்டியது, பழைய கணக்கின் கடந்த 13 மாத வங்கிக் கூற்றுகளை (ஸ்டேட்மென்ட்) எடுத்து வைத்துக்கொண்டு ஒருமுறை முழுமையாக வாசிப்பது. மூன்று மாதம் பார்த்தால் போதாதா என்று கேட்கலாம். போதாது, ஆண்டுக்கு ஒருமுறை மட்டுமே எடுக்கப்படும் சந்தா மூன்று மாதக் கூற்றில் தலைகாட்டாமலே இருந்துவிடும், உங்களைக் கைவிட்டதும் அதுதான். அட்டை மூலம் போகும் ஒவ்வொன்றையும் குறித்துக்கொண்டு, புதிய அட்டை கைக்கு வந்ததும் அந்தந்த நிறுவனத்தின் இணையக் கணக்கில் எண்ணை மாற்றிவிடுங்கள். நான் இதைச் செய்தபோது, போகாமல் விட்டு இரண்டு ஆண்டுகளான ஒரு நீச்சல் தடாகத்துக்கு மாதாமாதம் பணம் போய்க்கொண்டிருப்பதைக் கண்டுபிடித்தேன். அது டைரக்ட் டெபிட்டாக இருந்ததால், கவனிக்காமல் விட்டிருந்தால் புதிய வங்கிக்கும் விசுவாசமாகக் கூடவே வந்திருக்கும்.

உங்கள் விடயத்தில், அந்த நிறுவனம் பணம் எடுக்க முடியாமற்போனதை உங்களுக்கு அறிவித்ததா என்று கேளுங்கள். அறிவிக்கவில்லை என்றால் முறையிட வேண்டியது அவர்களிடமே, வங்கியிடம் அல்ல.

கேள்வி: இணையத்தில் விண்ணப்பித்தேன். சில நாட்களில், பழைய வங்கி மாற்றத்தை ஏற்கவில்லை என்று ஒரு வரியில் பதில் வந்தது. எனக்கு அங்கே கடன் எதுவும் இல்லை. காரணம் என்னவாக இருக்கும்? (வாசகர், நியூ மோல்டன்)

பதில்: கடன் இல்லையென்றால் நான் முதலில் சந்தேகப்படுவது உங்கள் பெயரைத்தான். புதிய வங்கி அனுப்பும் விபரங்களும் பழைய வங்கியின் பதிவேட்டில் இருப்பவையும் பொருந்த வேண்டும். நம்மவர்கள் இதில் தடுக்கி விழுவதற்கு நம் பெயரிடும் முறையே காரணம். குடும்பப் பெயர் என்று ஒன்று இல்லாத நமக்கு, விண்ணப்பப் படிவத்தின் முதற்பெயர், குடும்பப் பெயர் என்ற இரண்டு பெட்டிகள் என்றைக்குமே தலையிடி. இருபது ஆண்டுகளுக்கு முன் முதற்கணக்குத் திறந்தபோது தகப்பனாரின் பெயரை முதலில் எழுதித் தன் பெயரைக் குடும்பப் பெயராகக் கொடுத்தவர், பின்னர் பிரித்தானியக் கடவுச்சீட்டு எடுக்கும்போது அதை மாற்றிப் போட்டிருப்பார். பழைய வங்கியில் தகப்பனாரின் பெயர் வெறும் முதலெழுத்தாக மட்டும் இருக்கலாம். திருமணத்துக்குப் பின் கணவரின் பெயர் ஓரிடத்தில் சேர்ந்து இன்னோரிடத்தில் சேராமல் இருக்கலாம். மனிதருக்கு இரண்டும் ஒரே ஆள் என்று தெரியும். கணினிக்கு வேறு வேறு ஆட்கள்.

பழைய வங்கியின் கூற்றில் பெயர் எழுத்துக்கு எழுத்து எப்படி அச்சாகியிருக்கிறது என்று பாருங்கள். புதிய வங்கியில் பெயரைத் தவறாகக் கொடுத்துப் பொருத்தம் தேடுவதைவிட, கடவுச்சீட்டில் உள்ளபடி பழைய வங்கியின் பதிவைத் திருத்துவதே முறை. அதற்குப் பெரும்பாலும் அடையாள ஆவணத்துடன் கிளைக்குப் போக வேண்டியிருக்கும். கூடவே முகவரியையும் சரிபாருங்கள். வீடு மாறியதைப் பழைய வங்கிக்குச் சொல்லாமல் விட்டவர்களும், மாடிக் குடியிருப்பின் இலக்கம் ஒன்றில் இருந்து மற்றொன்றில் இல்லாதவர்களும் இதே பதிலைப் பெறுவதுண்டு. திருத்திய பின் புதிய வங்கியிடம் மீண்டும் மாற்றத்தைத் தொடங்கச் சொல்லலாம். புதிதாகத் திறந்த கணக்கு அப்படியே இருக்கும், அதை மூட வேண்டியதில்லை.

கேள்வி: கணவரும் நானும் கூட்டுக் கணக்கு வைத்திருக்கிறோம். இப்போது பிரிந்து வாழ்கிறோம். அந்தக் கணக்கை என் பெயரில் மட்டும் வேறு வங்கிக்கு மாற்ற முடியுமா? (வாசகி, ஈஸ்ட் ஹாம்)

பதில்: இந்தச் சேவையின் மூலம் முடியாது. தனிக்கணக்கைக் கூட்டுக் கணக்காக மாற்றலாம், கூட்டுக் கணக்கைக் கூட்டுக் கணக்காகவே மாற்றலாம், ஆனால் கூட்டுக் கணக்கைத் தனிக்கணக்காக மாற்ற இடமில்லை. உங்கள் பெயரில் புதிதாக ஒரு கணக்கைத் திறந்து, சம்பளத்தையும் பிள்ளைகளுக்கான கொடுப்பனவையும் அங்கே வரச் செய்து, நீங்கள் பொறுப்பேற்கும் கட்டணங்களை ஒவ்வொன்றாக நீங்களே மாற்ற வேண்டும். பழைய கணக்கில் மேலதிகப்பற்று, அதாவது ஓவர்டிராஃப்ட் வசதி இருந்தால், அதிலிருந்து யார் எடுத்தாலும் முழுத்தொகைக்கும் இருவருமே பொறுப்பு. நீங்கள் பிரிந்துவிட்டதை வங்கிக்கு இன்றே தெரிவித்து, அந்த வசதியைக் குறைக்கவோ, இருவர் சம்மதமும் இல்லாமல் பணம் எடுக்க முடியாதபடி செய்யவோ கேளுங்கள். மற்ற எல்லாவற்றையும் விட இது அவசரமானது.

கேள்வி: மாறினால் பணம் தருவதாக ஒரு வங்கி விளம்பரம் செய்கிறது. என் பழைய கணக்கில் 600 பவுண் மேலதிகப்பற்று உள்ளது. வரும் மாதங்களில் வீட்டுக்கடனுக்கும் விண்ணப்பிக்க இருக்கிறேன். இப்போது மாறலாமா? (வாசகர், டூட்டிங்)

பதில்: வீட்டுக்கடன் கையெழுத்தாகும் வரை பொறுங்கள். புதிய நடைமுறைக் கணக்குக்கு விண்ணப்பிக்கும்போது, குறிப்பாக மேலதிகப்பற்று வசதியும் கேட்கும்போது, வங்கி உங்கள் கடன் வரலாற்றைப் பார்வையிட்டதன் தடம் அங்கே பதியும். ஒரு தடத்தால் பெரிய பாதிப்பு இராது என்றாலும், இலட்சக்கணக்கில் கடன் கேட்கப்போகும் ஒருவர் இருநூறு பவுணுக்கு ஆசைப்பட்டுக் கடன் தருபவருக்குக் கேள்வி கேட்க ஒரு காரணம் கொடுப்பது புத்திசாலித்தனமாக எனக்குப் படவில்லை.

அடுத்தது அந்த 600 பவுண். மேலதிகப்பற்று டைரக்ட் டெபிட்டைப் போலத் தானாக நகர்வதில்லை. புதிய வங்கி தன் விருப்பப்படி அதே அளவு தரலாம், குறைத்துத் தரலாம், தராமலும் விடலாம். தராவிட்டால் பழைய கடனை அடைக்க நீங்களே வழி பார்க்க வேண்டும். ஆகவே விண்ணப்பிக்கும் முன்பே எவ்வளவு கிடைக்கும் என்று கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள்.

விளம்பரத்தின் சிறிய எழுத்துகளையும் வாசியுங்கள். கணக்கு முழுமையாக மாற வேண்டும், குறைந்தது இரண்டு டைரக்ட் டெபிட்டுகளாவது கூடவே வர வேண்டும், குறிப்பிட்ட நாட்களுக்குள் குறிப்பிட்ட தொகை உள்ளே வர வேண்டும் என்பன வழக்கமான நிபந்தனைகள். பழைய கணக்கை மூடாமல் கொடுப்பனவுகளை மட்டும் நகர்த்தும் பகுதி மாற்றம் என்று ஒரு வழியும் உண்டு. ஆனால் அதைத் தேர்ந்தால் வெகுமதி பொதுவாகக் கிடைக்காது என்பதோடு, மேலே சொன்ன உத்தரவாதமும் பணத்தைத் திருப்பிவிடும் ஏற்பாடும் உங்களுக்கு இல்லை.

கேள்வி: சிறிய பலசரக்குக் கடை நடத்துகிறேன். வியாபாரக் கணக்கையும் இவ்வாறு மாற்றலாமா? கடை ஒரு நாளும் பூட்டுவதில்லை என்பதால் பயமாக இருக்கிறது. (வாசகர், குரொய்டன்)

பதில்: சிறு வியாபாரங்களும் அறக்கட்டளைகளும் இச்சேவையைப் பயன்படுத்தலாம், கோயில் நிர்வாக சபைகளும் இதைக் கவனிக்கலாம். ஆனால் 7 வேலை நாட்கள் என்பது, புதிய வங்கி உங்கள் ஆவணங்களைப் பரிசோதித்துக் கணக்கைத் திறந்த பின்னரே எண்ணப்படும். வியாபாரக் கணக்குத் திறப்பதற்கே வாரக்கணக்கில் ஆகலாம். மாற்ற நாளை நீங்களே தெரிவுசெய்யலாம் என்பதால், வேலையாட்களுக்குச் சம்பளம் போகும் நாளையும் மொத்த வியாபாரிக்குப் பெருந்தொகை கட்டும் நாளையும் தவிர்த்துவிடுங்கள். மாற்ற நாள் வரை பழைய கணக்கே வேலை செய்யும். எழுதிக்கொடுத்த காசோலைகள் இருந்தால், அவை பணமாகும் வரை மாற்றத்தைத் தொடங்காதீர்கள்.

அட்டை இயந்திரத்தின் மூலம் வரும் விற்பனைப் பணம் திருப்பிவிடப்படும் என்று நம்பி இருந்துவிடாமல், இயந்திரம் தந்த நிறுவனத்துக்குப் புதிய கணக்கு எண்ணை முன்கூட்டியே கொடுங்கள். கணக்கு எழுதும் மென்பொருளை வங்கியோடு இணைத்திருந்தால் அந்த இணைப்பு அறுந்துவிடும், புதிதாக ஏற்படுத்த வேண்டும். காசாக வரும் வருமானத்தை எங்கே கட்டுவது, அதற்கு எவ்வளவு கட்டணம் என்பதையும் கேளுங்கள். கிளையே இல்லாத வங்கி கடைக்காரருக்கு எவ்வளவு மலிவாக இருந்தாலும் வீண்.

பலரும் மறப்பது பழைய கூற்றுகளை. கணக்கு மூடப்பட்டதும் இணையத்தில் உள்ள பதிவுகளைப் பார்க்க முடியாமற் போகலாம், பிறகு கேட்டு எழுதித்தான் பெற வேண்டும். சுயதொழில் செய்பவர், அந்தந்த வரி ஆண்டின் ஜனவரி 31 கெடுத் திகதியிலிருந்து குறைந்தது 5 ஆண்டுகளுக்குப் பதிவுகளை வைத்திருக்க வேண்டும் என்பது வரித் திணைக்களத்தின் விதி. கம்பனியாக நடத்துபவருக்கு நிதியாண்டு முடிவிலிருந்து 6 ஆண்டுகள். மாற்ற நாளுக்கு முன்பே எல்லாவற்றையும் தரவிறக்கி இரண்டு இடங்களில் சேமியுங்கள்.

கேள்வி: மாற்றத்தின்போது வீட்டு வாடகைக்கான ஸ்டாண்டிங் ஓர்டர் விடுபட்டுப்போய், வீட்டுக்காரர் தாமதக் கட்டணம் கேட்கிறார். இரண்டு வங்கிகளும் ஒன்றையொன்று கைகாட்டுகின்றன. யாரைப் பிடிப்பது? (வாசகி, லெஸ்டர்)

பதில்: புதிய வங்கியை. பிழை பழைய வங்கியுடையதாக இருந்தாலும், முழுமையான மாற்றத்தில் உங்களுக்குப் பதில் சொல்ல வேண்டியது புதிய வங்கிதான். முதலில் வாடகையைக் கையால் அனுப்பிவிட்டு, வீட்டுக்காரரின் கடிதத்தையும் மாற்ற நாளை உறுதிசெய்த வங்கியின் செய்தியையும் இணைத்து, இது முறைப்பாடு என்று தெளிவாகக் குறிப்பிட்டு எழுத்தில் அனுப்புங்கள். தொலைபேசியில் சொன்னால், வெறும் விசாரணையாகவே பதிந்துவிடுவார்கள். வங்கியின் இறுதிப் பதில் திருப்தி தராவிட்டால், அது கிடைத்து 6 மாதங்களுக்குள் வங்கிகள் மீதான முறைப்பாடுகளை விசாரிக்கும் நிதி ஒம்புட்ஸ்மன் சேவையிடம் போகலாம். 8 வாரங்கள் கழிந்தும் பதிலே வராவிட்டாலும் போகலாம். அங்கே உங்களுக்குச் செலவு எதுவும் இல்லை, சட்டத்தரணியும் தேவையில்லை.