நெட் ஸ்டார்க் செத்த கோபத்தில் புத்தகம் தேடிப் போன கதை

கேள்வி: ஒரு ஃபேன்டசி நாவல் வரிசைக்கும், அதிலிருந்து எடுக்கப்பட்ட டிவி தொடருக்கும் நீங்கள் ரசிகரானது எப்படி?

கோபத்தில்தான். 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' முதல் சீசனின் ஒன்பதாவது எபிசோட் பார்த்த ராத்திரி வந்த கோபம். (இன்னும் பார்க்காதவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். கதையைத் தொடாமல் இதற்குப் பதில் எழுத முடியாது.)

டிராகன், மந்திரவாதி என்றாலே எனக்கு அதுவரை கொஞ்சம் இளக்காரம். நண்பன் ஒருவன் நச்சரித்ததால் உட்கார்ந்தேன். நெட் ஸ்டார்க்தான் ஹீரோ என்று எட்டு எபிசோட் முழுக்க நம்பினேன். பின்னே? போஸ்டரிலேயே அரியணையில் உட்கார்ந்திருப்பது அவர்தானே. வெட்டுமேடையில் மண்டியிட்டபோதும் பதறவில்லை, கடைசி நொடியில் யாராவது குதித்து வருவார்கள் என்று காத்திருந்தேன். யாரும் வரவில்லை. தலை போய்விட்டது. உடனே நண்பனுக்கு போன் போட்டு, "புத்தகத்துலயும் சாகிறாரா?" என்றேன். "படிச்சுப் பாரேன்" என்று சிரித்துவிட்டு வைத்துவிட்டான்.

ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டின் எழுதிய அந்த நாவல் வரிசையின் முதல் புத்தகம் 1996இல் வந்தது. முதல் பக்கத்திலிருந்து ஆரம்பிக்கும் பொறுமை இல்லாமல் நேராக அந்த இடத்தைத் தேடிப் போனேன். அத்தியாயத்தின் தலைப்பு வெறும் 'ஆர்யா'. நெட்டின் சின்ன மகள். கூட்டத்துக்குள் முண்டியடித்துப் போகும் அவளை யோரென் என்ற கிழவன் பிடித்து, "பார்க்காதே" என்று அதட்டி அமுக்கிக்கொள்கிறான். அவ்வளவுதான். அவள் பார்க்கவில்லை, அதனால் நாமும் பார்ப்பதில்லை. சத்தம் மட்டும் கேட்கிறது.

அப்புறம் ஒழுங்காக முதலிலிருந்து படித்தேன். முன்னுரை போல வரும் ஒரு பகுதி முடிந்து, முதல் அத்தியாயம் நெட்டின் ஏழு வயது மகன் பிரானுடையது. எல்லைக் காவல்படையிலிருந்து ஓடிப்போன ஒருவனை நெட் தன் கையாலேயே வெட்டுகிறார். அப்போது அண்ணன் ஜான், பிரானிடம் முகத்தைத் திருப்பாதே என்கிறான். ஒரு பிள்ளைக்குப் 'பார்', இன்னொரு பிள்ளைக்குப் 'பார்க்காதே'. இரண்டு இடத்திலும் தலையை எடுப்பது நெட்டின் அதே குலவாள். தொடரிலும் இது இருக்கிறது, எனக்குத்தான் உறைக்கவில்லை. படிக்கும்போது புத்தகத்தை மூடி வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். ரசிகனானது அங்கேதான்.

அத்தியாயத்துக்கு ஒருவர் பெயர், அவர் கண்ணில் படுவது மட்டுமே கதை. முதல் புத்தகத்தில் இப்படி எட்டுப் பேர். ராணி செர்ஸியின் சகோதரன் ஜேமிக்கு முதல் இரண்டு புத்தகத்திலும் இந்த இடம் கிடையாது. பிரானை ஜன்னலிலிருந்து தள்ளியவன், தன் அரசனையே கொன்றவன் என்று மற்றவர்கள் வாயால்தான் அவனைத் தெரியும். மூன்றாவது புத்தகத்தில் திடீரென்று தலைப்பில் 'ஜேமி' என்று வரும்போது, இவன் மண்டைக்குள் நான் ஏன் போக வேண்டும் என்று எரிச்சலாக இருந்தது. பிறகு அந்தக் குளியலறை. வாள் பிடிக்கும் கையை இழந்து, காய்ச்சலோடு வெந்நீரில் கிடந்தபடி பிரியென் என்ற பெண் வீரரிடம் சொல்கிறான்: அந்தப் பைத்தியக்கார அரசன் ஊரையே கொளுத்தப் பார்த்தான், அதனால்தான் கொன்றேன். இத்தனை வருஷமும் அவன் அதை யாரிடமும் சொன்னதில்லை. நெட்டும் கேட்காமலேயே தீர்ப்பு எழுதிவிட்டார். நானும்தான்.

தொடர் மட்டம் என்று சொல்ல வரவில்லை. யார் மண்டைக்குள்ளும் போக முடியாது என்பதால், பேசவைத்துப் பேசவைத்தே சமாளித்திருக்கிறார்கள். ஜேமியின் அப்பா டைவின் அறிமுகமாகும் காட்சியில், அந்த வேடத்தில் நடித்த சார்லஸ் டான்ஸ் ஒரு மானைத் தோலுரித்துக்கொண்டே மகன் ஜேமிக்குப் பாடம் எடுப்பார். மான், அரசன் ராபர்ட்டின் குலச் சின்னம். இந்தக் காட்சி புத்தகத்தில் கிடையாது. ராபர்ட்டும் செர்ஸியும் தங்கள் கல்யாணம் பாழாய்ப் போனதைப் பற்றி நிதானமாகப் பேசிக்கொள்வதும் அப்படியே. புத்தகத்தில் அவர்கள் இரண்டு பேரும் தனியாக இருக்கும் அறைக்குள் எட்டிப் பார்க்க நமக்கு ஆளில்லையே.

நான்காவது புத்தகத்தில் கொஞ்சம் திணறினேன். முக்கியப் பாத்திரங்களான டிரியன், ஜான், டெனேரிஸ் மூவருக்குமே அதில் அத்தியாயம் கிடையாது. நடுவில் மூடி வைத்து, சில வாரம் கழித்துத்தான் எடுத்தேன். ஐந்தாவது 2011இல் வந்தது. ஆறாவது இன்னும் வரவில்லை. தொடரோ புத்தகத்தைத் தாண்டி ஓடி, 2019இல் 73 எபிசோடோடு முடிந்தேவிட்டது. கடைசி இரண்டு சீசனில் எனக்கும் மனக்குறை உண்டு. முன்பு ஒரு சீசன் முழுக்க நடந்த தூரத்தை ஒரே காட்சியில் கடந்துவிடுகிறார்கள். அந்த நடையில்தானே ஆட்களே எனக்குப் பிடித்துப் போனார்கள்.

சரி, எதை முதலில் எடுப்பது என்று கேட்டால், முதல் சீசனைப் பார்த்துவிட்டு உடனே முதல் புத்தகம். பெயர்களுக்கு முகம் கிடைத்துவிடும்.

நச்சரித்த நண்பன் இன்றுவரை புத்தகத்தைத் தொடவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது. அன்று சிரித்ததும் சும்மா ஒரு பாவனை! மூன்றாவது புத்தகத்தின் கடைசிப் பக்கங்களில் ஒருவர் வருகிறார், தொடரில் கடைசிவரை வரவே இல்லை என்று போன மாதம் சொன்னேன். "யாரு?" என்றான்.

"படிச்சுப் பாரேன்" என்றேன்.