வண்டி கேள்வி–பதில்: திங்கட்கிழமை மட்டும் மக்கர் செய்யும் கார்

கேள்வி: ஆறு வயதான பெட்ரோல் கார். குளிர் தொடங்கியதிலிருந்து காலையில் சாவியைத் திருப்பினால் ‘டிக் டிக்’ சத்தம் மட்டும்தான். பேட்டரி போய்விட்டது என்றார்கள், புதிது மாட்டினேன். சில வாரம் ஒழுங்காக ஓடிவிட்டு மறுபடி அதே கதை. அலுவலகம் பத்து நிமிடத் தூரம். வெள்ளி மாலை நிறுத்தினால் திங்கள் காலையில்தான் எடுப்பேன். அன்றைக்குத்தான் ரொம்ப மோசம். குளிரைத் தாங்கும்படி இன்னும் பெரிய பேட்டரி போடலாமா?

பதில்: பர்ஸை உள்ளே வையுங்கள். பதிலை உங்கள் கடிதத்திலேயே பாதி எழுதிவிட்டீர்கள். குளிர் மட்டும்தான் காரணம் என்றால் செவ்வாயும் புதனும் அதே அளவு படுத்தியிருக்க வேண்டும். திங்கட்கிழமை மட்டும் ஏன்? வண்டி சும்மா நிற்கும்போது ஏதோ ஒன்று கரண்ட் குடிக்கிறது. பெரிய பேட்டரி போட்டால் ஓட்டைக் குடத்துக்குப் பதில் பெரிய ஓட்டைக் குடம், அவ்வளவுதான்.

குளிருக்கும் இதில் பங்கு இல்லாமல் இல்லை. உறைபனி அளவுக்குக் கீழே போகப் போக பேட்டரிக்குள் நடக்கும் வேதிவினை மந்தமாகும். மைனஸ் 18 டிகிரியில் ஏறக்குறைய பாதித் தெம்புதான் மிஞ்சும். அதே நேரத்தில் இன்ஜின் ஆயில் கெட்டியாகி, செல்ஃப் மோட்டாருக்கு வழக்கத்தைவிட அதிக கரண்ட் தேவைப்படும். அதனால்தான் வெயில் காலத்தில் அரை சார்ஜில்கூட கிளம்பிய வண்டி, குளிரில் படுத்துக்கொள்கிறது. ஆனால் அந்த அரை சார்ஜ் எங்கே போனது என்பதுதான் நாம் தேட வேண்டியது.

முதலில் வோல்ட்டும் கரண்டும் அளக்கும் ஒரு மல்டிமீட்டர் எடுத்துக்கொள்ளுங்கள். சாதாரணமானதே போதும். மாலையில் வண்டியை நிறுத்தி இரண்டு மூன்று மணி நேரம் கழித்து பேட்டரியில் வோல்ட் பாருங்கள். நிறுத்திய உடனே பார்த்தால் 13-க்குப் பக்கத்தில் காட்டி ஏமாற்றும். மறுநாள் காலை, ஸ்டார்ட் செய்வதற்கு முன் இன்னொரு தடவை பாருங்கள். 12.6 இருந்தால் முழு சார்ஜ். 12.4 முக்கால், 12.2 அரை. 12-க்குக் கீழே என்றால் கிட்டத்தட்ட காலி. மாலையிலேயே குறைவாக இருந்தால் வண்டி ஓடும்போது சார்ஜ் ஏறவில்லை. மாலையில் நன்றாக இருந்து காலையில் இறங்கியிருந்தால் நிற்கும்போது கரண்ட் திருட்டு. இரண்டு வேளையும் 12.6 காட்டியும் ‘டிக் டிக்’ என்றால் டெர்மினல், எர்த் கேபிள், செல்ஃப் மோட்டார் பக்கம் போங்கள். உங்கள் வண்டிக்கு வெள்ளி இரவும் திங்கள் காலையும் பார்த்தாலே போதும்.

திருட்டு என்று வைத்துக்கொள்வோம். எல்லாக் கதவையும் சாத்தி, சாவியைத் தள்ளி வைத்துவிட்டு, பேட்டரியின் மைனஸ் கேபிளைக் கழற்றுங்கள். (சில வண்டிகளில் ரேடியோ கோட் கேட்கும், முதலிலேயே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.) மீட்டரை 10 ஆம்பியரில் வைத்து, சிவப்பு முனையைக் கழற்றிய கேபிளிலும் கறுப்பு முனையை பேட்டரியின் மைனஸ் கம்பத்திலும் தொடுத்துவிடுங்கள். மீட்டர் நடுவில் இருக்கும்போது மறந்தும் ஸ்டார்ட் செய்யக் கூடாது. செல்ஃப் இழுக்கும் கரண்டில் மீட்டரின் ஃபியூஸ் போய்விடும்.

முதலில் பெரிய எண் காட்டும். பயந்துவிடாதீர்கள், வண்டியிலுள்ள கம்ப்யூட்டர்கள் தூங்க அரை மணி நேரமாவது ஆகும், சிலதுக்கு ஒரு மணி நேரம். இந்தப் பொறுமை இல்லாமல் ஐந்தே நிமிடத்தில் ‘லீக் இருக்கு’ என்று தீர்ப்பு சொல்கிறவர்கள்தான் அதிகம். அடங்கிய பிறகு 50 மில்லி ஆம்பியருக்குள் இருந்தால் வழக்கமானதுதான். அரை ஆம்பியர் நின்றால்? வெள்ளி மாலை ஆறிலிருந்து திங்கள் காலை ஆறு வரை 60 மணி நேரம். 30 ஆம்பியர்-ஹவர் காலி. 45 ஆம்பியர்-ஹவர் பேட்டரியில் மூன்றில் இரண்டு பங்கு. புது பேட்டரியும் அடிக்கடி இப்படி வற்றினால் தட்டுகளில் சல்பேட் படிந்து சீக்கிரமே கிழடாகிவிடும்.

இனி ஃபியூஸை ஒவ்வொன்றாகப் பிடுங்குங்கள். எதைப் பிடுங்கும்போது எண் சட்டென்று விழுகிறதோ அந்த லைனில்தான் ஆள் இருக்கிறான். ஃபியூஸ் பெட்டி உள்ளே இருந்தால் கதவைத் திறக்கும்போது எல்லாம் விழித்துக்கொள்ளும். முன்கூட்டியே கதவைத் திறந்துவைத்து, அதன் பூட்டை ஸ்க்ரூடிரைவரால் மூடிய நிலைக்குத் தள்ளிவிடுங்கள். எல்லா ஃபியூஸையும் எடுத்த பிறகும் எண் இறங்காவிட்டால் ஆல்டர்னேட்டரின் (வண்டி ஓடும்போது பேட்டரியை சார்ஜ் செய்வது) டயோடை, அதாவது கரண்டை ஒரே திசையில் மட்டும் விடும் பாகத்தை, சந்தேகிக்க வேண்டும். அதை எலக்ட்ரீஷியனிடம் விடுங்கள்.

என் அனுபவத்தில், கம்பெனி போட்டதைவிட நாம் பிறகு மாட்டியதுதான் பெரும்பாலும் மாட்டும்: டேஷ்கேம், டிராக்கர், ஆம்ப்ளிஃபயர். அப்புறம் டிக்கி விளக்கும் டேஷ்போர்டு அறை விளக்கும். மூடினால் அணைகிறதா என்று எப்படித் தெரியும்? செல்போனில் வீடியோவை ஓடவிட்டு உள்ளே வைத்து மூடுங்கள். படம் இருண்டால் சரி. வெளிச்சமாகவே இருந்தால் ஸ்விட்ச் மாற்றினால் முடிந்தது வேலை.

உங்கள் பத்து நிமிட ஓட்டமும் ஒத்துழைக்கவில்லை. ஒரு ஸ்டார்ட்டுக்குச் செலவாகும் சார்ஜ் உண்மையில் சொற்பம்தான். ஆனால் ஹெட்லைட், ஹீட்டர் ஃபேன், பின் கண்ணாடி சூடாக்கி எல்லாம் ஒரே நேரத்தில் ஓட, சில்லிட்ட பேட்டரி சார்ஜையும் மெதுவாகத்தான் வாங்கிக்கொள்ளும். ஓட்டை அடைத்த பிறகும், குளிர் முடியும்வரை இரண்டு வாரத்துக்கு ஒரு முறை இரவு முழுவதும் சார்ஜரில் போடுங்கள். இன்ஜின் ஓடும்போது பேட்டரியில் 13.8-க்கும் 14.7-க்கும் நடுவே காட்டினால் சார்ஜிங் சரி. புதிய மாடல்கள் சிலவற்றில் கம்ப்யூட்டரே இதைக் கூட்டிக் குறைக்கும் என்பதால் ஒரே ஒரு அளவை வைத்து ஆல்டர்னேட்டரைக் கழற்றிவிடாதீர்கள்.

கேள்வி: பனியில் பல நாள் நின்ற வண்டி. பேட்டரி சுத்தமாக டவுன். பக்கவாட்டில் லேசாக உப்பியிருக்கிறது. பக்கத்து வண்டியின் பேட்டரியிலிருந்து கேபிள் போட்டு ஜம்ப் கொடுக்கலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம். முழு சார்ஜில் உள்ள பேட்டரியின் அமிலம் மைனஸ் 50 டிகிரியில்கூட உறையாது. சார்ஜ் இறங்கியதில் உள்ளே இருப்பது பெரும்பாலும் தண்ணீர்தான். உறைநிலைக்குச் சில டிகிரி கீழேயே கட்டியாகிவிடும். உறைந்த பேட்டரிக்குள் கரண்டைப் பாய்ச்சினால் வெடிக்கலாம். உப்பியது என்றால் உள்ளே தட்டுகளும் நெளிந்திருக்கும், பெட்டியில் விரிசலும் இருக்கலாம். பனி உருகியதும் அந்த வழியாக அமிலம் கசியும். கையுறை போட்டுக் கழற்றி, நிமிர்த்தியபடியே மறுசுழற்சிக்குக் கொடுத்துவிடுங்கள். புதியதை மாட்டும் முன் கேபிள் கிளாம்பில் படிந்த வெள்ளைப் பொடியைச் சமையல் சோடா கரைத்த வெந்நீரால் கழுவி, நன்றாகத் துடைத்து, கையால் திருப்பினாலும் அசையாத அளவுக்கு முடுக்குங்கள்.