பொத்தானின் வேலையை மாற்றலாமா? – டிஜே கன்ட்ரோலர் பற்றிய வாசகர் கேள்வி பதில்

கேள்வி: திருமண வரவேற்புகளிலும் கல்லூரி விழாக்களிலும் பாடல்களைக் கலந்து ஒலிக்கவிடும் வேலையைப் பகுதி நேரமாகச் செய்து வருகிறேன். பயனியர் டிடிஜே-400 கன்ட்ரோலரும் (கணினியில் உள்ள பாடல்களைப் பொத்தான்களால் இயக்க உதவும் கருவி) ஒரு மடிக்கணினியும் வைத்திருக்கிறேன். பாடலில் நான்கு பீட் (தாளத்தின் அடி) முன்னே அல்லது பின்னே தாவ வேண்டுமென்றால், ஒவ்வொரு முறையும் பேடுகளை (விரலால் தட்டும் பொத்தான்களை), சேமித்த இடங்களுக்குப் போகும் ‘ஹாட் கியூ’ நிலையிலிருந்து, தாவுவதற்கான ‘பீட் ஜம்ப்’ நிலைக்கு மாற்றிவிட்டு மறுபடியும் பழைய நிலைக்குத் திரும்ப வேண்டியிருக்கிறது. லூப் (பாடலின் ஒரு துண்டைத் திரும்பத் திரும்ப ஒலிக்கவிடுவது) பகுதியில் ‘கியூ/லூப் கால்’ என்ற இரண்டு அம்புக்குறிப் பொத்தான்கள் எனக்குப் பயனின்றிக் கிடக்கின்றன. அவற்றைத் தாவும் பொத்தான்களாக மாற்ற முடியுமா? மாற்றினால் கருவி கெட்டுப்போகுமா?
– ஒரு வாசகர், திருநெல்வேலி

பதில்: கருவி கெடாது. ஏனென்றால், தாங்கள் மாற்றப்போவது கருவியில் இருக்கும் எதையும் அல்ல. கன்ட்ரோலரில் ‘ப்ளே’ என்று அச்சிட்டிருக்கும் பொத்தானுக்குப் பாடலை ஓடவிடத் தெரியாது. அதை அழுத்தும்போது யுஎஸ்பி கம்பி வழியாக ஒரு சிறிய எண் தொகுப்பு மட்டுமே கணினிக்குச் செல்கிறது; அந்த எண்ணுக்கு என்ன பொருள் என்பதைக் கணினியில் இருக்கும் மென்பொருள்தான் முடிவு செய்கிறது. 1983இல் வெளிவந்த மிடி என்ற பொது முறைதான் இன்றும் இதற்கு அடிப்படை. ஒரு மிடி பொத்தான் செய்தியில் மூன்று எண்கள் இருக்கும். முதலாவது, செய்தியின் வகையையும் அது 16 சேனல்களில் எதில் வருகிறது என்பதையும் சொல்கிறது. இரண்டாவது, எந்தப் பொத்தான் என்பதை 0 முதல் 127 வரையான ஓர் எண்ணால் குறிக்கிறது. மூன்றாவது, எவ்வளவு அழுத்தம் என்பதைச் சொல்கிறது. தங்கள் கருவியில் இடது டெக்கின் (ஒரு பாடலை இயக்கும் பக்கத்தின்) ப்ளே பொத்தான் 144, 11, 127 என்று அனுப்புகிறது. வலது டெக்கின் அதே பொத்தான் 145, 11, 127 என்று அனுப்புகிறது. இரண்டுக்கும் உள்ள வேறுபாடு சேனல் மட்டுமே. ரெக்கார்ட்பாக்ஸ் மென்பொருளின் மிடி அட்டவணையில் ‘900பி’ என்று காண்பதும் இதே செய்திதான். பதினாறை அடிப்படையாகக் கொண்ட பதினாறடிமான (ஹெக்ஸாடெசிமல்) முறையில் 144ஐ 90 என்றும் 11ஐ 0பி என்றும் எழுதுவார்கள்.

ஆகவே, அந்த அம்புக்குறிப் பொத்தான்கள் அனுப்பும் எண்ணைப் ‘பீட் ஜம்ப்’ என்ற செயலோடு இணைத்துவிட்டால் வேலை முடிந்தது. ரெக்கார்ட்பாக்ஸில் பெர்ஃபார்மன்ஸ் நிலைக்குச் சென்று மிடி அமைப்புச் சாளரத்தைத் திறந்து, வேண்டிய செயலைச் சேர்த்து, ‘லேர்ன்’ பொத்தானைத் தட்டிவிட்டுக் கருவியில் உரிய பொத்தானை அழுத்தினால், மென்பொருள் அந்த எண்ணைத் தானே பிடித்துக்கொள்ளும். அதற்கு முன் இப்போதிருக்கும் அமைப்பை ஏற்றுமதி செய்து ஒரு சிஎஸ்வி கோப்பாகச் சேமித்துவிடுங்கள். இயல்புநிலைக்குத் திரும்பும் வசதி மென்பொருளிலேயே இருக்கிறது என்றாலும், அது தாங்கள் இதுவரை செய்த நல்ல மாற்றங்களையும் சேர்த்தே அழித்துவிடும்.

ஆனால், அவை பயனின்றிக் கிடப்பதாகத் தாங்கள் எழுதியிருப்பதை ஏற்பதற்கு இல்லை. லூப் ஓடாதபோது அவை சேமித்து வைத்த கியூ புள்ளிகளுக்கு அழைத்துச் செல்கின்றன என்பது உண்மை. அந்த வசதியைப் பலர் பயன்படுத்துவதில்லை என்பதும் உண்மை. லூப் ஓடும்போதோ அதே பொத்தான்கள் லூப்பின் நீளத்தைப் பாதியாகக் குறைக்கவும் இரட்டிப்பாக்கவும் செய்கின்றன. நான்கு பீட் லூப்பை இரண்டாகவும் ஒன்றாகவும் அரையாகவும் சுருக்கிக்கொண்டே போய்க் கூட்டத்தை உசுப்பேற்றிவிட்டு அடுத்த பாடலுக்குள் நுழைவது வரவேற்பு மேடைகளில் அன்றாடம் நடக்கும் வித்தை. எண்ணைத் தூக்கி வேறு செயலுக்குக் கொடுத்துவிட்டால் இதுவும் போய்விடும். மேடையில் நிற்கும்போதுதான் அது தெரியவரும்.

இதற்கு வழி, பொத்தானுக்கு ஒரு செயலைக் கொடுப்பதற்குப் பதிலாக ஒரு விதியைக் கொடுப்பது: லூப் ஓடினால் நீளத்தைக் குறை, ஓடாவிட்டால் நான்கு பீட் பின்னே தாவு. ரெக்கார்ட்பாக்ஸின் அட்டவணை இத்தகைய விதிகளை எழுதுவதற்கு ஏற்றதல்ல. விர்ச்சுவல் டிஜே என்ற மென்பொருளில் ஒவ்வொரு பொத்தானுக்கும் எதிரே ஒரு வரியில் நிபந்தனையோடு கட்டளை எழுதலாம்; கேள்விக்குறிக்கு முன்னால் நிபந்தனை, அதற்குப் பின்னால் நடக்க வேண்டியது, முக்காற்புள்ளிக்குப் பின்னால் இல்லாவிட்டால் நடக்க வேண்டியது என்ற எளிய இலக்கணம். ட்ராக்டர் என்ற மென்பொருளில் எம்1 முதல் எம்8 வரை எட்டு ‘மாடிஃபையர்’கள் (இப்போதைய நிலையை நினைவில் வைக்கும் எண்கள்) உண்டு, ஒவ்வொன்றும் 0 முதல் 7 வரை மதிப்பு ஏற்கும், ஒரு பொத்தான் எந்த மதிப்பின்போது எதைச் செய்ய வேண்டும் என்று கட்டிவிடலாம். இலவசமாகக் கிடைக்கும் திறந்த மூல மென்பொருளான மிக்ஸ், எக்ஸ்எம்எல் கோப்பில் எண்களையும் ஜாவாஸ்கிரிப்ட் கோப்பில் விதிகளையும் வைத்துக்கொள்ள இடம் தருகிறது. நிரல் எழுதத் தெரிந்த நண்பர் ஒருவர் அருகில் இருந்தால், என் தேர்வு மிக்ஸ்தான். தாங்கள் ரெக்கார்ட்பாக்ஸை விடுவதாக இல்லையென்றால், அம்புக்குறிகளை அப்படியே விட்டுவிட்டு, உண்மையாகவே தொடாத வேறொரு பொத்தானைத் தேடுவது நல்லது.

ஒரு வேண்டுகோளும் உண்டு. ப்ளே, கியூ ஆகிய இரண்டின் இடத்தை மட்டும் மாற்ற வேண்டாம். சிடி ப்ளேயர்கள் காலத்திலிருந்தே கியூ மேலும் ப்ளே அதன் கீழுமாக, டெக்கின் இடது கீழ் மூலையில் அமைந்திருப்பதைப் பல நிறுவனங்கள் பின்பற்றுகின்றன. வேறொருவரின் கருவியில் நிற்க நேரும் நாளில், விரல்கள் தாமாகப் போகும் இடம் அதுவாக இருக்க வேண்டும்.

கேள்வி: பேடு ஒன்றுக்கு வேறு செயலைக் கொடுத்தேன். செயல் நடக்கிறது, ஆனால் பேடின் விளக்கு முன்போல எரியவில்லை. இன்னொரு பொத்தானில் ஒருமுறை அழுத்தினால் செயல் தொடங்கி, விரலை எடுத்ததும் நின்றுவிடுகிறது. இரண்டும் பழுதா?
– ஒரு வாசகி, கோயம்புத்தூர்

பதில்: இரண்டும் பழுதல்ல. பெரும்பாலான கன்ட்ரோலர்களில் பொத்தான் தன் விளக்கைத் தானே ஏற்றிக்கொள்வதில்லை. பொத்தான் கணினிக்கு எண்ணை அனுப்ப, கணினி அந்தச் செயல் நடந்ததை உறுதி செய்துகொண்டு, அதே போன்ற ஓர் எண்ணைக் கருவிக்குத் திருப்பி அனுப்பும்போதுதான் விளக்கு எரிகிறது. பல வண்ணப் பேடுகளில் அந்தச் செய்தியின் மூன்றாவது எண்ணே நிறத்தையும் தீர்மானிக்கிறது. தாங்கள் போகும் பாதையை மட்டும் மாற்றியிருக்கிறீர்கள். திரும்பி வரும் பாதை இன்னும் பழைய செயலையே பார்த்துக்கொண்டிருக்கிறது. ரெக்கார்ட்பாக்ஸில் ‘மிடி அவுட்’ பத்தியிலும், ட்ராக்டரில் ‘அவுட்’ என்று தனியாகச் சேர்க்கும் வரியிலும், மிக்ஸில் கோப்பின் வெளியீட்டுப் பகுதியிலும் புதிய செயலை அதே எண்ணோடு இணைத்துவிட்டால் விளக்கு எரியும். இதைப் பொருட்படுத்தாமல் விடுபவர்கள் பலர் இருக்கிறார்கள். இருட்டான மண்டபத்தில் விளக்கு பொய் சொன்னால் கை தவறும் என்பதால், விளக்கைச் சரிசெய்யாத மாற்றத்தை நான் முடிந்த மாற்றமாகக் கருதுவதில்லை.

இரண்டாவது சிக்கலுக்குக் காரணம், பொத்தானை அழுத்தும்போது ஒரு செய்தியும் விடும்போது இன்னொரு செய்தியும் செல்வதுதான். விடும்போது செல்லும் செய்தி சில கருவிகளில் தனி வகையாக இருக்கும். சிலவற்றில் அதே வகையாக, மூன்றாவது எண் மட்டும் 0 ஆக வரும். மிடி முறைப்படி இரண்டும் ஒன்றே. ட்ராக்டரில், அழுத்தியிருக்கும்வரை மட்டும் இயங்கும் ‘ஹோல்ட்’ என்று இருப்பதை, ஒவ்வோர் அழுத்தலிலும் மாறும் ‘டாகிள்’ என்று மாற்றினால் போதும். மிக்ஸில் தாங்களே விதி எழுதியிருந்தால், மூன்றாவது எண் 0 ஆக இருக்கும்போது எதுவும் செய்யாமல் திரும்பிவிடும்படி முதல் வரியிலேயே எழுதிவிட வேண்டும். இல்லாவிட்டால் ஒரே அழுத்தலில் அந்த விதி இரண்டு முறை இயங்கும்.

கேள்வி: பாடல் ஓடிக்கொண்டிருக்கும்போதே தவறிப்போய் ‘லோடு’ பொத்தானில் கை பட்டு, வேறு பாடல் ஏறிவிடுகிறது. அந்தப் பொத்தானை முற்றிலும் செயலிழக்கச் செய்வது எப்படி?
– ஒரு வாசகர், மதுரை

பதில்: பொத்தானைத் தொடவே வேண்டாம். ஓடிக்கொண்டிருக்கும் டெக்கில் பாடல் ஏறாமல் பூட்டும் அமைப்பு செராட்டோ, ரெக்கார்ட்பாக்ஸ், ட்ராக்டர், மிக்ஸ் ஆகிய எல்லா மென்பொருள்களிலும் இருக்கிறது. அதை இயக்கிவிடுங்கள்.

கேள்வி: நான் இடதுகைப் பழக்கம் உள்ளவன். இரண்டு டெக்குகளையும் கண்ணாடியில் தெரிவது போல இடம் வலமாக மாற்றி அமைத்துக்கொள்ள விரும்புகிறேன். ஜாக் சக்கரம் (பாடலை முன்பின் நகர்த்தும் வட்டு), டெம்போ ஃபேடர் (வேகத்தை மாற்றும் நகர்த்தி) உட்பட எல்லாவற்றையும் மாற்ற இயலுமா?
– ஒரு வாசகர், யாழ்ப்பாணம்

பதில்: பொத்தான்களைப் பொறுத்தவரை இயலும், மற்றவற்றில் கவனம் தேவை. டெம்போ ஃபேடர் ஒரே ஓர் எண்ணை அனுப்பினால் 128 படிகள்தான் கிடைக்கும். வேகத்தை நுட்பமாகச் சரிசெய்ய அது போதாது. ஆகவே, பல கருவிகளில் அது இரண்டு செய்திகளாகப் பிரிந்து சென்று, இரண்டும் சேர்ந்து 16,384 படிகளைத் தருகிறது. ‘லேர்ன்’ வசதி அந்த இரண்டில் ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டால், பீட்டுகள் ஒருபோதும் சரியாக உட்காரா. ஜாக் சக்கரமோ தான் இருக்கும் இடத்தைச் சொல்வதில்லை. எந்தத் திசையில் எவ்வளவு நகர்ந்தது என்பதை மட்டும், பெரும்பாலும் 64ஐ நடுவாகக் கொண்டு, அதற்கு மேலும் கீழுமான எண்களால் சொல்கிறது. சக்கரத்தின் மேற்பரப்பைத் தொட்டோமா என்பது அதற்கும் தனியான இன்னொரு செய்தி. இவற்றைத் தொடாமல் விடுவதே என் பரிந்துரை.

தவிரவும், கண்ணாடிப் பிம்பமாக மாற்றுவதற்கு அடிப்படையே இல்லை. பெரும்பாலான கன்ட்ரோலர்களில் இரண்டு டெக்குகளும் ஒன்றுக்கொன்று பிம்பமாக இல்லாமல் ஒரே மாதிரியாகவே அமைந்திருக்கின்றன. ப்ளே பொத்தான் இரண்டிலும் இடது பக்கத்திலேயே இருக்கிறது. வலதுகைக்காரரும் ஒரு டெக்கை இடது கையால்தான் இயக்குகிறார். தங்களுக்கு உண்மையில் இடையூறாக இருப்பது, ஒரு டெக்கின் ஒலியிலிருந்து மற்றதன் ஒலிக்கு மாற்றும் கிராஸ்ஃபேடராக இருக்கலாம். அதன் திசையைத் திருப்பிப் போடும் வசதி, இசைத்தட்டை முன்பின் அசைத்து ஒலி எழுப்பும் ஸ்க்ராட்ச் செய்பவர்களிடையே நெடுநாளாகப் புழங்குகிறது. அமெரிக்காவின் புல்லட் ப்ரூஃப் ஸ்க்ராட்ச் ஹாம்ஸ்டர்ஸ் குழுவினர் அப்படித் திருப்பி வாசித்ததால் அதற்கு ‘ஹாம்ஸ்டர்’ என்றே பெயர் வந்துவிட்டது. முதலில் அதை முயன்று பாருங்கள். பிறகு, இடது கைக்கு எட்டாத இரண்டு மூன்று பொத்தான்களை மட்டும் மாற்றினால் போதும்.

கேள்வி: மென்பொருளை விட்டுவிட்டு, கருவியைத் திறந்து பொத்தான்களையே மாற்றிப் பொருத்துபவர்கள் இருக்கிறார்களாமே? நாமும் செய்யலாமா?
– ஒரு வாசகர், சென்னை

பதில்: இருக்கிறார்கள். வெஸ்டாக்ஸ் விசிஐ-100 என்ற கன்ட்ரோலரின் ரப்பர் பொத்தான்களை எடுத்துவிட்டு, வீடியோ விளையாட்டு நிலையங்களில் காணப்படும் வட்டமான ஆர்கேட் பொத்தான்களைப் பொருத்தி, அமெரிக்க டிஜே ஈயன் கோல்டன் வழிகாட்டினார். வேகமாகத் தட்டினாலும் சறுக்காத, அழுத்தியது விரலுக்கு உடனே தெரியும் பொத்தான்கள் அவை. அதே எண்ணத்திலிருந்து ‘மிடி ஃபைட்டர்’ என்ற, முழுவதும் ஆர்கேட் பொத்தான்களால் ஆன கருவியும் பிறந்தது.

இன்று விற்கும் தொடக்கநிலைக் கன்ட்ரோலர்களில் அதைச் செய்வது வேறு கதை. பொத்தான்களின் சுவிட்சுகள் சர்க்யூட் பலகையோடு நேரடியாகப் பற்றவைக்கப்பட்டிருப்பதால், இடத்தை மாற்றுவதற்குப் பலகையிலிருந்து கம்பி இழுத்து, மேற்பலகையிலும் துளையிட வேண்டும்; உத்தரவாதமும் போய்விடும். தேய்ந்த சுவிட்சை அதே அளவுள்ள புதியதால் மாற்றுவது மட்டும், பற்றவைக்கத் தெரிந்தவருக்கு நியாயமான வேலை. தங்களுக்குக் கூடுதல் பொத்தான்களே தேவையென்றால், பேடுகள் மட்டும் உள்ள சிறிய மிடி கருவி ஒன்றை இன்னொரு யுஎஸ்பி துளையில் செருகி, ட்ராக்டரிலோ மிக்ஸிலோ இரண்டாவது கன்ட்ரோலராகச் சேர்த்துக்கொள்ளலாம். மென்பொருளில் மாற்றிய பொத்தான்களுக்கு, விரலால் தடவினாலே தெரியும்படி மேடான சிறு ஒட்டு ஒன்றை ஒட்டிவிட்டால், பழைய எழுத்தைப் படித்துக் குழம்ப வேண்டியிருக்காது.

கேள்வி: நண்பரின் மடிக்கணினியில் வாசிக்க நேர்ந்தால் என் மாற்றங்கள் கருவியோடு வருமா?
– ஒரு வாசகர், திருச்சி

பதில்: வாரா; அவை தங்கள் கணினியில்தான் இருக்கின்றன. ரெக்கார்ட்பாக்ஸின் சிஎஸ்வி கோப்பையோ, ட்ராக்டரின் டிஎஸ்ஐ கோப்பையோ, மிக்ஸ் என்றால் எக்ஸ்எம்எல், ஜாவாஸ்கிரிப்ட் ஆகிய இரண்டு கோப்புகளையுமோ பாடல்கள் உள்ள பென்டிரைவிலேயே ஒரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். நண்பர் வைத்திருப்பது செராட்டோ டிஜே லைட் என்றால் அதில் மிடி மாற்றங்களுக்கு இடமில்லை. நண்பரின் கணினியில் தங்கள் கோப்பை ஏற்றும் முன், அவருடைய அமைப்பைச் சேமித்துக் கொடுத்துவிட்டு ஏற்றுங்கள்.